பூனைக்குப் பத்தியம்

பூனைக்கு மருந்து கொடுத்த கதையை நான் ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போது எழுந்து போக ஆளில்லை.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். பிள்ளைக் காம்பராவில் நான் ஆயா. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். என் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள். காம்பராவில் பால்மா இருந்தது. பால்மா இருந்ததால் எலி இருந்தது, எலி இருந்ததால் பூனை வந்தது. யாரும் கொண்டுவரவில்லை, அதுவாகத்தான் வந்தது.

சாம்பல் நிறத்தில் வரி போட்ட கடுவன். என்னைப் போலவே கோபக்காரப் பிறவி. கணக்கப்பிள்ளை குனிந்து தடவப் போனால்கூடச் சீறும். ஆனால் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். பெரிய மனிதரிடம் சீறிச் சின்னப் பிள்ளைகளிடம் அடங்கிப்போகிற அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. அதன் மேல் எனக்கு உயிர். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மழைக்காலத்தில் பிள்ளைகளின் தலையில் படர்தாமரை வந்தது. வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, தோல் சாம்பல் பூத்த மாதிரி செதிலாக இருந்தது. முதலில் ஒரு பிள்ளை, பிறகு அதோடு ஒரே பாயில் படுக்கிற பிள்ளை, பிறகு இன்னும் சிலது. சீமை அகத்தி இலையை எலுமிச்சம்பழச் சாற்றில் அரைத்துப் போட்டோம். உடம்பில் வந்தது அதற்கு மங்கியது, தலையில் வந்தது அசையவில்லை. தோட்டத்து டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். அவர் பிள்ளைகளின் தலையை மழிக்கச் சொன்னார். மேலே ஊதா மருந்து தடவி, உள்ளுக்குக் குடிக்க வெள்ளை மாத்திரை கொடுத்தார். இது முடியின் வேருக்குள் இருக்கிற வியாதி, வெளியே பூசினால் மட்டும் போகாது என்றார். அப்போது பூனை குறுக்கே போனது. அதைப் பிடித்துத் தரச் சொல்லி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் ஒரு வட்டம், முன்னங்காலில் ஒரு வட்டம். நான் அதுவரை அதைச் சண்டைக் காயம் என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளை, இந்தப் பூனையாலதான் வருகுது. இதை எங்கயாவது கொண்டுபோய் விடு."

"அதுக்கும் மருந்து குடுத்துப் பாக்கலாமே ஐயா?"

"நான் மனுசருக்குத்தான் மருந்து குடுக்கிறனான். வேணுமெண்டால் பதுளையில மாட்டு டாக்டரிட்டக் கேள். ஆனா இனி ஒரு பிள்ளைக்கு வந்தால் பூனை இந்தத் தோட்டத்தில நிக்கக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் பிறத்தியார் பிள்ளைகள். நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்குச் சுலபமாக வருகிற காரியம் இல்லை. பூனையைக் காம்பராவிலிருந்து தூக்கிவந்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்போரம் அடைத்தேன். பாய், துணி எல்லாவற்றையும் கொதிக்கவைத்து வெயிலில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டு டாக்டர் இருக்க மாட்டார் என்பதால் ஒரு நாள் லீவு கேட்டு, கொழுந்துக் கூடையை மூடிக் கட்டி அதற்குள் பூனையை வைத்துப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். அந்த வளைவுப் பாதை முழுக்க அது ஒரே குரலில் கத்திக்கொண்டு வந்தது. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பூனைக்கும் டிக்கட் எடுக்கவா என்று கேட்டேன். பிறகு அவன் பார்க்கவில்லை.

மாட்டு டாக்டர் சிங்களவர். நிதானமாகத் தமிழ் பேசினார். பூனையைத் தராசில் நிறுத்தார். கடுவனா, பெட்டையா என்று பார்த்தார். வயிற்றில் குட்டி இருந்தால் இந்த மருந்து ஆகாதாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான், பூனையின் நிறைக்குத் தக்க சின்னத் துண்டு. "சாப்பாடு கூட குடுக்க வேணும். முடி திரும்ப வாற வரைக்கும் நிப்பாட்ட வேண்டாம்," என்றார். மாத்திரையை நகரத்து மருந்துக்கடையில் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டோடு என்றார். என்ன சாப்பாடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? மேலில் படை வந்த ஆளுக்கு என்ன சாப்பாடு என்று லயத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, தேங்காயும் எண்ணெயும் கிட்டவே வரக் கூடாது. எல்லாம் கரப்பான், தோலில் படையைக் கிளப்பிவிடும். மருந்து குடிக்கிற ஆளுக்குப் பத்தியம் இல்லாவிட்டால் குடிக்கிற மருந்து மருந்தே இல்லை. என் பிள்ளைகளை நான் அப்படித்தான் வளர்த்தேன், என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆக, பூனைக்கும் பத்தியம் போட்டேன். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, உப்புகூட இல்லாமல். அதில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கி முன்னால் வைத்தேன்.

அது கஞ்சியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பிறகென்ன, தினமும் யுத்தம்தான். சாக்கைச் சுற்றி மடியில் இறுக்கி, வாயைத் திறந்து கரண்டியால் ஊற்றுவேன். பாதி என் சேலையில் இருக்கும். என் கை முழுக்க நகக்கீறல். வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் வேலை முடிந்து வந்தால் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்ப்பார்.

"பாவம் அது. ஒரு துண்டு கருவாட்டக் குடேன்."

"மருந்து சாப்பிடுற உடம்புக்குக் கருவாடா? நல்லாருக்கே ஒங்க ஞாயம்!"

"பூனைக்கு என்னா பத்தியம்?"

"தோலு தோலுதானுங்க. மனுசத் தோலு, பூனத் தோலுன்னு இருக்கா?"

அவர் டீயை எடுத்துக் குடித்தார்.

நான் மட்டும் இல்லை, பிள்ளைகளின் தாய்மாரும் அப்படித்தான். மாத்திரையை வீட்டில் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு வந்து, "ஆயா, இது மருந்து சாப்பிடுது. பாலு கீலு குடுத்துறாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பால் கேட்டு அழுகிற பிள்ளைக்கு நான் வெறும் டீத்தண்ணி கொடுத்தேன். நாங்கள் எல்லாரும் அவ்வளவு சிரத்தையாக இருந்தோம்.

வாரங்கள் போயின. பிள்ளைகளின் தலை ஆறவில்லை. பூனையின் காதுக்குப் பின்னால் இருந்த வட்டம் கழுத்துக்கு இறங்கியது. அது மெலிந்து, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்து மேல் லயத்துப் பிள்ளை ஒன்றுக்குப் புதிதாகத் தலையில் வட்டம் வந்தது. அந்தப் பிள்ளை பூனையைக் கண்ணாலும் பார்த்ததில்லை, பூனையை அடைத்த பிறகுதான் காம்பராவுக்கே வந்தது. நான் அதை டாக்டரையாவிடம் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சொன்னது சொன்னதுதான் பிள்ளை," என்றார். தாய்மாரும் அவர் பக்கம்தான் நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. மழித்த தலையோடு நிற்பது அவர்கள் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டினார். நான் பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குசினி காலி. பசறைப் பாலத்தடியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அலுமாரி மேலிருந்த மாத்திரை டப்பாவையும் காணோம். அதையும் ஆற்றில் எறிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்குத்தான் தண்டனையாக இருந்தது, அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காம்பராவில் எலி திரும்பி வந்தது. பால்மாப் பெட்டியின் மூலையைக் கடித்துவைத்தது.

தீபாவளிக்குச் சாமான் வாங்கப் பசறைக்குப் போனேன். வீட்டுக்காரர் வழக்கமாகக் கருவாடு வாங்குகிற கடையில் நுழைந்தேன். கடைக்காரர் முஸ்லிம், வயதானவர், எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளின் உச்சியில் ஒரு பூனை நல்ல தூக்கத்தில் கிடந்தது. சாம்பல் நிறம், வரி. முன்னங்காலில் வட்டம் இருந்த இடத்தில் புது முடி, கொஞ்சம் வெளிறிய நிறத்தில் அடர்த்தியாக முளைத்திருந்தது. உடம்பு உருண்டிருந்தது.

"நானா, இது யாரு பூன?"

"உங்கட மாப்புள தானே தங்கச்சி கொண்டாந்து தந்தாரு. எலி கருவாட்ட நாசமாக்குது, வைங்க நானா எண்டு. மருந்து டப்பாவும் தந்தாரு. உங்களுக்குச் சொல்லல்லயா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கருவாட்டுக் கடையில் நின்று அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"மருந்த எப்படிக் குடுத்தீங்க? கடிச்சிருக்குமே?"

"அதென்ன கடிக்கிற? பகலைக்கு ஊட்டால மீனாணம் வரும். நல்ல கெட்டித் தேங்காய்ப்பால் ஆணம். அதில ஒரு துண்டு மீன எடுத்து, மருந்தப் பொடிச்சு உள்ளுக்கு வெச்சிக் குடுப்பேன். கோப்பையையும் சேத்து நக்கும்."

மீன். தேங்காய்ப்பால். இரண்டுமே கரப்பான். நான் கருவாடு வாங்க மறந்து, நேராகத் தோட்டத்துக்கு வந்து டாக்டரையாவின் முன்னால் நின்றேன். இதென்ன ஐயா அதிசயம், பத்தியமே இல்லாமல் எப்படிச் சுகமானது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொழுப்போட குடுத்தால்தான் அந்த மருந்து உடம்பில ஏறும். வெறுங்கஞ்சியோட குடுத்தால் வந்த வழியே போயிடும். பிள்ளையளுக்கும் பத்தியமோ?"

"ஆமாங்க."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்குந்தாங்க. ஐயா ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்கள் பத்தியம் பிடிப்பியள் எண்டு நான் என்னெண்டு அறிவன்?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலை நிப்பாட்டுவியள் எண்டு ஆர் நினைச்சது?"

அன்றிலிருந்து மாத்திரை லயத்துக்குப் போகவில்லை. காம்பராவில் என் கையால், காய்ச்சிய பாலோடு, மேலே ஒரு கரண்டி மீன் எண்ணெயோடு கொடுத்தேன். தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். மேலெல்லாம் கரப்பான் ஏறிப் பிள்ளை செத்துப்போகும் என்றாள் ஒருத்தி. பசறைக்குப் போய்க் கருவாட்டு மூட்டை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசு என்றேன். இரண்டு பேர் உண்மையாகவே போய்ப் பார்த்தார்கள். பிறகு சத்தம் குறைந்தது. தைப்பொங்கல் கழிந்த கையோடு பிள்ளைகளின் தலையில் முடி வரத் தொடங்கியது. மேல் லயத்துப் பிள்ளையின் தலையைத் தடவினால் உள்ளங்கையில் குறுகுறுக்கும். நான் காரணம் இல்லாமலே அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

டாக்டரையா ஒரு நாள் காம்பரா வாசலில் நின்று, உள்ளே வராமலே, "பிள்ளை, அந்தப் பூனையைக் கொண்டு வாவன்," என்றார்.

மறு ஞாயிறு கொழுந்துக் கூடையைக் கழுவி, அடியில் என் பழைய சேலையை மடித்துப் போட்டு எடுத்துப் போனேன். வாழையிலையில் பொரித்த மீனும் கட்டியிருந்தேன். நானா, "கொண்டு போங்க தங்கச்சி, உங்கட சாமான் தானே," என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. கூப்பிட்டதும் பூனை மூட்டையிலிருந்து இறங்கி வந்தது. என் காலை ஒரு சுற்று உரசியது. மீனை என் கையிலிருந்தே தின்றது, முள்ளைக்கூட விடவில்லை. தின்று முடித்து விரலை நக்கியது. நான் கூடையைத் திறந்து பிடித்தேன். அது கூடைக்குள் தலையை விட்டு என் சேலையை மோந்து பார்த்தது. கஞ்சி சிந்திய சேலைதான் அது. தலையை வெளியே எடுத்து, அவசரமே இல்லாமல் நடந்து, மூட்டை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

பிடித்து அமுக்கிக் கூடையில் போட எனக்குத் தெரியாதா? தினமும் செய்த வேலைதானே. போடவில்லை. காலிக் கூடையோடு பஸ்ஸில் வந்தேன்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரர் குழம்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கெட்டித் தேங்காய்ப்பாலில், மீன் போட்டு வைத்திருந்தேன்.

"என்னா இன்னைக்கு விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க," என்றேன். "இருக்கிறவங்களாவது வீட்ட விட்டுப் போகாம இருக்கட்டும்."