புரியாத ஊரின் சுகம்

ரொட்டிக் கடையில் டீச்சர் வாயைத் திறக்கமாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரொட்டியை ஆள்காட்டி விரலால் காட்டுவார். இதுவா என்று கடைக்காரப் பெண் பக்கத்து ரொட்டியைத் தொடுவாள். டீச்சர் இல்லையென்று தலையாட்டுவார். அதுவா? ஆமாம் என்று இன்னொரு ஆட்டல். துண்டு போட்டுத் தரட்டுமா என்று அவள் கையால் அறுத்துக் காட்டினால், வேண்டாம் என்று உள்ளங்கையை விரிப்பார். தினமும் சாயங்காலம் நடக்கிற நாடகம் இது. ரொட்டிக்கு அந்த ஊர் பாஷையில் என்ன பேர் என்பது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். முழு ரொட்டி, பாதி ரொட்டி, நேற்று மிஞ்சிய ரொட்டி எல்லாவற்றுக்கும் தெரியும். சொல்லமாட்டார். அப்படியொரு அழுத்தம்.

நாடு நாடாகப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ஒரு ஊரில் ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். இப்போது இருப்பது ஒரு டயர் கடையின் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான சாயங்கால வகுப்பு. கைப்பிடியில் எழுதுபலகை வைத்த நாற்காலிகள், பாதி காய்ந்துபோன மார்க்கர்கள், கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் வாசனை. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் பள்ளி நடத்துகிறவர் டீச்சரைக் காட்டி, "இவங்களுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தண்ணி வேணும்னாலும் இங்கிலீஷ்லதான் கேட்டாகணும்" என்று பெருமையடித்துக்கொள்வார். தெரியாது என்பதையே தகுதியாக வைத்து வேலைக்குச் சேர்ந்தவர் உலகத்தில் டீச்சர் ஒருவராகத்தான் இருப்பார்!

பாடம் நடத்துவதில் அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. யாராவது எழுந்து பேச முடியாமல் திணறினால், தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்வார். உள்ளங்கையைக் குழித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அவசரமே இல்லை என்பது அதற்கு அர்த்தம். எத்தனை நேரமானாலும் அந்தக் கை இறங்காது. வகுப்பே ஒரேயடியாகச் சொதப்பும் நாட்களில் மட்டும் தன்னை மறந்து, "ஐயோ, ஐயோ" என்று தமிழில் தலையில் அடித்துக்கொள்வார். அது ஆங்கிலம் என்று நினைத்து வகுப்பு முழுவதும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது பேனா கீழே விழுந்தாலும் "ஐயோ" என்கிறார்கள். அந்த இழுவைகூட அச்சு அசலாக வருகிறது.

சொந்த ஊரிலும் டீச்சர்தான். நல்ல பள்ளி, நல்ல பேர். ஆனால் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். அது போதாதா? பஸ்ஸில் பின் சீட்டுப் பேச்சு, ஆசிரியர் அறையில் கதவுக்கு அந்தப்பக்கப் பேச்சு, மாடிப்படியில் இறங்கும்போது சட்டென்று நிற்கிற பேச்சு எல்லாம் அவரைப் பற்றித்தான். பாம்புக் காது வேறு. ஒன்றும் தப்பாது. முதல் முறையாக வெளிநாட்டுக்குப் போய் ஒரு நெரிசலான பஸ்ஸில் ஏறினார். சுற்றிலும் ஜனங்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. "அப்பாடான்னு இருந்துச்சுக்கா" என்று அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். "என்னைப் பத்திப் பேசினாலும் பேசிட்டுப் போகட்டும். எனக்கென்ன வந்துச்சு?"

அந்தச் சுகத்தைத் தேடித்தான் இத்தனை ஊர். ஆனால் காது சும்மா இருக்குமா? வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிடும். ஒரு நாள் பஸ்ஸில் பின்னால் இரண்டு பெண்கள் மாமியாருக்கு முழங்கால் வலி என்று பேசிக்கொண்டு வருவார்கள். இறங்கும்போதுதான், எந்த முழங்கால் என்பது வரை தனக்குப் புரிந்திருக்கிறது என்று டீச்சருக்கு உறைக்கும். அன்றைக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டிவிடுவார். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

இந்த ஊரிலும் போன மாதம் அது நடந்துவிட்டது. பெட்டி அறை நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஸ்வெட்டர்கள் உள்ளே போய்விட்டன.

"காது திறந்துடுச்சுக்கா. மாசக் கடைசியில கிளம்ப வேண்டியதுதான்."

"அப்ப இங்கேயே வந்துடேன்டி."

"அங்கேதான் பொறக்கும்போதே திறந்துடுச்சே!"

அக்கா சிரித்தார். அப்புறம், "ஒரு ஊர்லயாவது உனக்குன்னு ஒரு மனுஷி வேணாமாடி?" என்றார். டீச்சர் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டார். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

வகுப்பில் ஒரு சலவைக்காரம்மா இருக்கிறார். ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும், பக்கத்தில் வந்தாலே சோப்பு மணக்கும். மகன் எங்கோ தூர தேசத்தில் கல்யாணம் செய்துகொண்டான். மருமகளுக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது. வாராவாரம் போனில் முகம் பார்த்து இருவரும் சிரிப்பார்கள், நடுவில் மகன் நின்றுகொண்டு இவர் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்வான். "அவன் நடுவுல நின்னா நான் எப்படி அவகிட்டச் சண்டை போடுறது?" என்று சலவைக்காரம்மா தன் பாஷையில் பக்கத்து நாற்காலி பஸ் டிரைவரிடம் குறைப்பட்டுக்கொள்வார். "நல்லதோ கெட்டதோ, நேராப் பேசணும்." டீச்சர் காதில் விழாத மாதிரி வெள்ளைப் பலகையைத் துடைப்பார்.

நேற்று அந்த அம்மாவின் முறை. எழுந்து நின்றார். மருமகளிடம் நலம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சலவைக்காரம்மா உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் பைகளை எடுக்கும்போது, அவர் டிரைவரிடம் சொன்னார்: "இன்னையோட சரி. நாளைக்கு நான் வரமாட்டேன். அவங்க பேசட்டும், நான் சிரிச்சுட்டு இருந்துட்டுப் போறேன்."

"டீச்சர் நல்லவங்கதானே, மெதுவாச் சொல்லித் தருவாங்க" என்றார் டிரைவர்.

"தங்கம்தான், யார் இல்லைன்னா? ஆனா நாம வாயைத் தொறந்து நாலு பேர் சிரிச்சா வயித்துல என்ன பண்ணும்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்து விழுந்தது. தனக்குச் சொன்னதில்லை என்று விட்டுவிடலாம், எத்தனையோ ஊரில் எத்தனையோ பேச்சை அப்படித்தானே விட்டிருக்கிறார்! மாசக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் அந்த அம்மா இந்தப் படியில் இறங்கினால் அப்புறம் ஏறமாட்டார், அது டீச்சருக்குத் தெரியும். எந்த ஊரானாலும் முதல் நாள் வகுப்பில் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தப்பாகப் பேசுங்கள், ஒன்றும் ஆகாது. இத்தனை ஊரில் தான் ஒரு வாக்கியம் தப்பாகப் பேசியதுண்டா? ரொட்டிகூட விரலால்தான் வாங்கியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பினார். படிக்கட்டு வாசலில் நின்ற சலவைக்காரம்மாவைப் பார்த்து, அவர்கள் பாஷையில் பேசினார். தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "அம்மா போகாது. நாளைக்கு நீ வந்தாய். எனக்கு பயம்... நிறைய இருக்கிறான்."

இத்தனை மாதமாக டீச்சரின் செருப்பைப் பற்றித் தான் அடித்த கிண்டலெல்லாம் நினைவுக்கு வந்து டிரைவரின் முகம் வெளுத்துப்போனது. அப்புறம் பின் வரிசையில் களுக்கென்று அதே சிரிப்பு. இந்த முறை வகுப்பே குலுங்கியது. டீச்சருக்குக் காது மடல் சுட்டது. இன்னொரு வாக்கியம் சொல்ல வாயைத் திறந்தார், அது பாதியில் நின்றுவிட்டது.

"ஐயோ!" என்றார் சலவைக்காரம்மா.

பையைத் தரையில் வைத்தார். ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து டீச்சர் எதிரே போட்டு உட்கார்ந்தார். ஊறிச் சுருங்கிய உள்ளங்கையைக் குழித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.