அம்மா ஒப்புக்கொள்ளாத குற்றம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி, இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அம்மா நல்லூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருமணமாகி விருத்தாசலம் வந்தார். என் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிறு நீக்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகக் காய் நறுக்க உட்காருவார்.

பட்டறைத் தூசியால் பலருக்கு இருமல் நிற்கவில்லை. நுரையீரல் பரிசோதனை முகாம் கேட்டு மனு மேல் மனு கொடுத்தும் பதில் வராததால், பெண்கள் தாலுகா அலுவலக வாசலோரம் உட்கார்ந்தார்கள். அனுமதி இல்லை என்று காவலர்கள் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். ஏறத் தயங்கியவர்களுக்கு அடி விழுந்தது. சாயங்காலம் வீங்கிய மணிக்கட்டோடு வந்த அம்மா, "மண்டபம் நல்லாத்தாண்டி இருக்குது. சாப்பாடுதான் சரியில்ல, மொய் வைக்காம வந்துட்டோம்" என்று சிரித்தார்.

பிறகு, பாதையை மறித்ததாக வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறு அபராதம் கட்டினால் அன்றே முடியும் என்றார்கள். பலர் கட்டினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் குழந்தையோடு இருந்த நானும் பயந்தேன்.

"ஓரமாத்தான உக்காந்தோம்? கேட்டது தப்புன்னு என் வாயால சொல்லணுமா? வாய்தாவுக்கு நான் போயிட்டு வரேன், நீ சாப்ட்டுத் தூங்கு" என்றார் அம்மா.

அவரோடு மூன்று பெண்கள் மட்டும் நின்றார்கள். குற்றமற்றவர் என்று நீதிபதி சொல்லக் கேட்க வேண்டும் என்பதே அம்மாவின் ஆசை. மூச்சுத் திணறிய கடைசி நாட்களிலும் அடுத்த வாய்தா எப்போது என்றுதான் கேட்டார்.

அம்மா போன பின், நீதிமன்ற வாசலில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். இறப்புச் சான்றிதழோடு நான் போனேன். அவர் மீதான வழக்கு முடிந்தது என்றார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நெனவு மலர்ல போயி கேஸப் பத்தி எழுதுவாங்களாம்மா? மாப்ள ஆபீஸ்ல நாலு பேரு படிப்பாங்க" என்றார் அம்மாவின் தம்பியான என் மாமா. நியாயம்தான். இந்தப் பத்திகளை இரண்டு முறை நீக்கினேன். நீக்கிவிட்டுப் படித்தால் அது யாரோ ஒருவரைப் பற்றியதாக இருந்தது. இப்போதும் சரிதானா என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அந்த மூவருக்கும், அப்படிக் கேட்டுவிட்டு இதைத் தாமே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. மூவரின் வழக்கு இன்னும் நடக்கிறது. திதிக்கு மறுநாள் வாய்தா. தங்குகிறவர்கள் காலை டிபன் முடித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் நாம் நின்றால் போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன்.