கட்டி இல்லாத களி

எங்கள் மூன்றாம் வகுப்பு கிண்டிய கேழ்வரகுக் களியில் ஒரு கட்டிகூட இல்லை. தீர்த்தமலைக்குக் கூட்டிப் போய்க் கேட்டாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்கிறது. உயரட்டும்.

அரை, கால் என்று கரும்பலகையில் எழுதினால் நாங்கள் திருதிருவென்று விழிப்போம். டீச்சர் எத்தனை நாள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார்? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டவ், குண்டான், களி கிண்டும் துடுப்பு, மாவு எல்லாம் வகுப்புக்கு வந்துவிட்டன. ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். அந்த அரையை அளக்கத்தான் போட்டி, அளந்தது நான். தண்ணீர் கொதித்து மூடி ஆடியபோது, ஆட்டுவது எது என்று கேட்டு நீராவிப் பாடத்தையும் அதிலேயே முடித்துவிட்டார். வெந்த மாவை இறக்கி வைத்து டீச்சர் குண்டானைப் பிடித்துக்கொள்ள, என் பக்கத்தில் உட்காரும் மாதம்மா துடுப்பைப் போட்டாள். மற்றவர்கள் கிண்டினால் துடுப்பு நகரவே மறுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டிய கிண்டில் களி வெண்ணெயாகத் திரண்டது.

ஆளுக்கொரு உருண்டை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நூலால் அரையாகவும் காலாகவும் அறுத்துக் காட்ட வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் முன்னால் தட்டை வைத்து நூலை இழுத்தேன். ஒரு காலை எடுத்துக் கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கியவர், "அடி சக்க! நம்ம வூட்டுலகூட இப்பிடி வராது போ," என்றார். இன்னொரு காலையும் கையில் எடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆரு கிண்டுனது?"

"மாதம்மாங்க பெரியப்பா."

"எந்த மாதம்மா?"

"காலனியில இருந்து வருதே, அதுங்க."

கை பாதியில் நின்றது. களியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒரே கட்டி. மாட்டுத் தொட்டியில கொட்டு," என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே உருண்டை. முதல் காலில் இல்லாத கட்டி இரண்டாம் காலில் எப்படி வரும்? மிச்சக் களி முழுவதையும் விரல்களுக்கிடையே பிசைந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. "கட்டி எங்கங்க இருக்குது? காட்டுங்க!" என்று பெரியப்பா பின்னாலேயே ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள். "வாய மூடு," என்றவள், ஏன் மூட வேண்டும் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை பெரியப்பாவும் இன்னும் சிலரும் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியர் அறையில் வெகுநேரம் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஸ்டவ் வகுப்புக்கு வரவே இல்லை. டீச்சர் கரும்பலகையில் வட்டம் வரைந்து அரையாக்கினார், காலாக்கினார். எங்கள் பக்கம் திரும்பாமலே வரைந்தார்.

இதே பெரியப்பா ஒகேனக்கல் போனால் கடை கடையாக நின்று மீன் வறுவல் வாங்கித் தின்பார். வறுத்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எட்டு வயதுப் பிள்ளை கிண்டிய களிக்குத்தான் விசாரணை! அதையும் உள்ளபடி சொல்ல வாய் வரவில்லை. சாதி என்ற சொல்லை என் காதில் போடாமல், பழியைக் களியின் தலையில் போட்டுவிட்டார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்று எனக்கு எரிந்ததோ கட்டிக்காக. எங்கள் களியின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று, அந்தத் திங்கட்கிழமை மதிய மணி அடித்ததும் மாதம்மாவைப் பிடித்து, பெரியப்பா சொன்னதைச் சொன்னேன்.

"நீ எங்க வூட்டுக்கு வா. எங்க பெரியப்பா முன்னாலயே கிண்டிக் காட்டு. அப்ப என்ன சொல்றாருன்னு பாக்கலாம்."

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நா வரல."

"கட்டின்னு சொல்லிட்டாருல்ல? உனக்குக் கோவமே வரலையா?"

"கட்டி இல்லன்னு அவருக்குத் தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சா எதுக்குக் கொட்டச் சொல்றாரு?"

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். தட்டை உதறிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

இவ்வளவு நன்றாகக் கிண்டத் தெரிந்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் புரியவில்லையே என்று, அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.