உக்காரலாமா, சில் வூ ப்ளே

பிரான்சில் வளரும் என் மகள் யாழினி எங்கே உட்காரப் போனாலும் "உக்காரலாமா? சில் வூ ப்ளே" என்று பிரெஞ்சில் ஒரு 'தயவுசெய்து' சேர்த்துக் கேட்பாள். பஸ்ஸில் கேட்டால் சரி, எங்கள் வீட்டு சோபாவிலும் கேட்பாள். முதலில் விசித்திரமாக இருந்தது, பிறகு பெருமையாகிவிட்டது. பாண்டிச்சேரிக்காரனுக்குப் பிரெஞ்சு நாகரிகம் என்றால் தலைகால் புரியாதே! பிள்ளைக்கு என்ன மரியாதை பார் என்று போனில் அக்காவிடம் அளந்துகொண்டே இருந்தேன்.

விடுமுறைக்குப் பாண்டிச்சேரி பக்கத்துத் தவளக்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். டிவியில் தமிழ் பேசும் அமெரிக்கப் பள்ளிக்கூடப் படம். இந்தப் படங்களில் எப்போதும் ஒரே சாப்பாட்டுக் கூடம்தான். நடு மேஜையில் அழகிகளும் விளையாட்டு வீரர்களும், ஓரத்தில் கண்ணாடி போட்ட படிப்பாளிகள். எதிலும் சேராத ஓர் இந்தியப் பையன் தட்டை ஏந்தி மேஜை மேஜையாக இடம் கேட்டு வந்தான். காலி நாற்காலிகளில் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கி வைத்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா மகள் பிரியா கேட்டாள்: "ஒங்க ஸ்கூல்லயும் இப்பிடித்தானா யாழினி? நீ எந்த டேபிளு?"

"நடு டேபிள்தான், வேற எங்க?" என்று நான் முந்திக்கொண்டேன்.

யாழினி திரையைக் காட்டினாள். "நான் அந்தப் பையன் மாதிரி. கேட்டுட்டுத்தான் உக்காரணும். வேணாம்னு சொன்னா சாப்டாம கிளாசுக்குப் போயிடுவேன்."

"மாமாகிட்ட சொல்லலியா?"

"அப்பாக்கு நான் கேக்கறது புடிச்சிருந்துச்சு."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. நான் படித்த டவுன் பள்ளியிலும் கூட்டங்கள் இருந்தன. பிரெஞ்சு பாஸ்போர்ட் வீட்டுப் பிள்ளைகள் எங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆனால் தவளக்குப்பத்துப் பையன்கள் நாங்கள் ஒரே பஸ்ஸில் போய், சுற்றி உட்கார்ந்து, ஒருவர் டிபன்பாக்சில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டோம். தனியாகச் சாப்பிட்ட மத்தியானம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அதனால்தான் என் பெண்ணின் பசி எனக்கு மரியாதையாகத் தெரிந்திருக்கிறது.

அக்கா தட்டுகளில் சோறு போட்டுக் கொடுக்க, ஒவ்வொருவராகத் தரையில் வரிசையாக உட்காரத் தொடங்கினார்கள். யாழினி தட்டோடு நின்று, "உக்காரலாமா?" என்றாள்.

"இது என்னாடி கேள்வி? ஒன் வூடுதான, உக்காரு" என்றாள் அக்கா. பிரியா நகர்ந்து இடம் விட்டாள்.

எனக்கு யாழினி பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அங்கே அவள் போன் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. ஆனாலும் சட்டென்று உட்கார முடியவில்லை.

"உக்காரலாமாம்மா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். போனை எடுக்கும்வரை நான் தட்டை ஏந்தியபடி நின்றேன்.