கோயிலுக்கும் கோட்டைக்கும் நடுவில் ஒரு காசு

இறந்தவரிடம் இரவல் வாங்கிய பொருளை அவருடைய சொத்தைப் பொறுப்பேற்ற சட்டத்தரணியிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். அதுவரை அந்தப் பொருள் சேர்ந்திருந்த தொகுதியை விற்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் நீதிமன்றப் பதிவாளராக இருந்த காலமெல்லாம் இதைப் பிறருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். டென்மார்க்கிலும் ஏறக்குறைய இதுதான் என்று நூலகத்தில் பார்த்து உறுதிசெய்தேன். விதிகள் எங்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

இறந்தவர், நாங்கள் இருந்த பிரெடெரிசியா நகரில் ஓய்வுபெற்ற பல்வைத்தியர். நூலகத்தில் நாணயம் சேர்ப்போர் கூடும் மேசையில் பழக்கமானார். மாதோட்டத்து மணலில் கிடைத்த உரோமச் செப்புக்காசுகளை நான் ஊரில் சேர்த்திருந்தேன். வீடு எரிந்தபோது அவையும் போயின. அவர் சேர்த்தவை, இடைக்காலத்தில் பிரெஞ்சுப் பிரபுக்களும் மடங்களும் அடித்த வெள்ளிக்காசுகள். வெள்ளி என்பது மரியாதைக்கு, பாதிக்குமேல் செம்பு.

பழைய காசுகளில் உரோமக் கோயில் ஒன்று இருக்கும்: முக்கோணக் கூரை, தூண்கள், நடுவே சிலுவை. பின்னால் வந்த அச்சு வெட்டிகள் உரோமைக் கண்டவர்களல்லர். முந்திய காசைப் பார்த்து அடுத்ததை வெட்டினார்கள். கூரை ஒடுங்கி, தூண்கள் பருத்து, கடைசியில் கோயில் கோட்டையாகிவிட்டது. அந்த மாற்றத்தை வரிசையாகக் காட்டும் காசுகளைத் தேட அவருக்கு ஆயுளில் பாதி போயிற்று. நடுவில் இருந்த காசைக் கோயிலென்றும் சொல்லலாம், கோட்டையென்றும் சொல்லலாம். அது இல்லாவிட்டால் மற்றவை ஒன்றுக்கொன்று உறவில்லாத பழஞ்சில்லறை.

நான் ஏன் இந்த நாட்டுக்கு வந்தேன் என்று கேட்காத ஒரே ஆள் அவர். பல் பார்க்கும் சிறு கண்ணாடியைக் காசின் மேல் சரித்துப் பிடித்து, "எத்தனை தூண் தெரிகிறது?" என்பார்.

"மூன்றரை."

"அரையைப் பிடுங்கிவிடலாமா?"

பெரிதாக வரைந்து தரும்படி அந்த நடுக்காசை ஒரு வியாழக்கிழமை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய சகோதரியின் மகனிடம் காசை நீட்டினேன். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஞாபகத்துக்கு," என்றார். மாமாவின் காசுப்பெட்டி ஏலத்துக்குப் போகிறது, தன் கையில் எதுவும் இல்லை, வேண்டுமானால் சட்டத்தரணிக்கு எழுதுங்கள் என்றும் சொன்னார். எழுதினேன்: இந்தக் காசைச் சேர்க்கும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

வீட்டில் மகனுக்குப் பயம். "அப்பா, களவெடுத்ததெண்டு சொன்னா என்ன செய்வியள்? எங்கட விசா இன்னும் நிரந்தரமாகேல்லை."

"களவெடுத்தவன் லோயருக்குக் கடிதம் எழுதுவானோ?"

"நீங்கள் எழுதுவியள். பிரதியும் வைச்சிருப்பியள்."

பிரதி இருந்ததுதான். அதைப் பார்த்து இரண்டாம் கடிதமும் எழுதினேன். சட்டத்தரணியின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, கடிதங்களுக்கு வந்த ஒழுங்கில் பதில் அனுப்பப்படும் என்றாள் அங்கிருந்த பெண். ஊரில் நான் எத்தனையோ விதவைகளுக்குச் சொன்ன வசனம்.

ஏலப் பட்டியலில் பெட்டியைப் பிரித்திருந்தார்கள்: கோயில்கள் ஒரு இலக்கம், கோட்டைகள் வேறோர் இலக்கம். காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பட்டியலில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றார் அலுவலர். அவர் சொன்னது சரி. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கோயில்களை வாங்கியவர் கோட்டைகளுக்குக் கை உயர்த்தவில்லை. அவற்றை வாங்கியவர் பின்வரிசையில் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வெளியேறினார்கள்.

காசைக் கொண்டுவந்து, பெட்டியில் அதற்குரிய இடத்தில் வைக்கும்படி சட்டத்தரணி மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். ஏலம் வெள்ளிக்கிழமை. கடிதம் வந்தது அடுத்த திங்கட்கிழமை, 1986 மார்ச்சின் முதல் திங்கள்.