லிமிட்டுக்குள் இருக்கும் பள்ளம்

இன்று பையனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பதினேழு வயது. பிறந்ததிலிருந்தே அவன் நெஞ்சு நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இதயம், நுரையீரல் ரெண்டும் நல்லாருக்கு. ஆபரேஷன் அவசியமில்ல. பார்வைக்காக வேணும்னா செய்யலாம், வலி அதிகம். நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

ஒரகடம் கார் கம்பெனியில், கதவில் டென்ட், அதாவது பள்ளம், விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தத் திமிரில், திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்: "லிமிட்டுக்குள்ள கீற டென்ட்ட நாங்க தொடவே மாட்டோம்டா. தட்டப் போனா இன்னும் கெட்டுடும். ஓகே போட்டு அனுப்பிடுவோம்."

"கதவு இன்னா, நாலு பேரு எதிர்ல சட்டையக் கழட்டப் போவுதாப்பா?" என்றான்.

முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியவன், நாங்கள் இறங்கும் குன்றத்தூர் வரும்வரை என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி, "நல்லாக்கீற புள்ள மேல யாராவது கத்தி வெப்பாங்களா?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாது சாமி, நீங்களே சொல்லிடுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீ சொல்றதுதான்பா" என்கிறான் அவன்.

சரி என்றால் வலி அவனுக்கு. வேண்டாம் என்றாலும் வலி அவனுக்குத்தான்.

கம்பெனி லைனில் ஒரு கதவு மேல் சந்தேகம் வந்தால் 'ஹோல்டு' என்று மஞ்சள் டேக் கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். சூப்பர்வைசர் வந்து முடிவு சொல்வார். வீட்டில் அந்த சூப்பர்வைசரே நான்தானாம்.

ஷிப்ட் மாற்றிக்கொள்ள யாராவது இருக்கிறீர்களா?