எங்கள் வீட்டில் மறுபடியும் ஷிப்ட்

புயலுக்குப் பயந்து என் தங்கை குடும்பமும் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களும் காசிமேட்டிலிருந்து இன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

மைசூர் மைன்ஸில் எங்களுடையது தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரே அறை.

தங்கை கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தோளிலிருந்த பையை இறக்கவே இல்லை. "எடம் பத்தாதுக்கா. ராபர்ட்சன்பேட்டைல லாட்ஜ் பாத்துக்கறோம்."

என் மனைவி கதவை மறித்து நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பி லாட்ஜு? எங்க மாமனாரு காலத்துல இதே ரூம்ல இதவிட ஜாஸ்தி பேரு இருந்தாங்க. பாதிப் பேரு ஷாப்டுல எறங்குனா மீதிப் பேரு தூங்குவாங்க. பைய வைங்க!"

அதோடு விடவில்லை. "பஸ்ல கண்ணு மூடாம வந்த பொம்பளைங்க, கொழந்தைங்க மொத ஷிப்ட், படுங்க. வந்த ஆம்பளைங்க செகண்ட் ஷிப்ட். எங்க வீட்டுக்காரரு மூணாவது ஷிப்ட். அதுவரைக்கும் தண்ணி புடிங்க, வெங்காயம் உரிங்க."

உரித்தோம்.

சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஷிப்ட் ஓடுகிறது.

இப்போது மூன்றாவது ஷிப்ட், என்னுடையது. ஆனால் லாட்ஜுக்குக் கிளம்பிய மனிதர் அந்தப் பையையே தலைக்கு வைத்துக் குறட்டை விடுகிறார். எழுப்பினேன்.

"ஓவர்டைம், மச்சான்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து லைனில் யார் வீட்டிலாவது ஒரு பாய் காலியாக இருக்கிறதா?